வராளியை அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை

தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ ஆகிய நான்கு ராகக் கீர்த்தனைகளையும் அம்மா என்னை எதிரே உட்கார வைத்து, ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொடுத்தார். இடையில் நான்காவதாக வரும் வராளியை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. வராளியைக் குரு நேருக்கு நேர் கற்பித்தால் குருவுக்கும் சீடருக்கும் மனக்கசப்பு வரும் என்று சங்கீதக்காரர்களிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. சகுனம், நாள், நட்சத்திரம் என்று எதையும் பார்க்காத அம்மா, இதை மட்டும் விடாமல் கடைப்பிடித்தது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. தாயும் மகளும் பிணங்கிக்கொள்ள ஒரு ராகம் வேறு வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன்; எங்களுக்குள் அதற்கு வேறு காரணங்கள் ஏராளமாக இருந்தன.

ஆனாலும் வராளி எனக்கு வந்தது. மாலையில் நான் கூடத்தில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அம்மா சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கீர்த்தனையைப் பாடுவார். ஒரே அடியை நான்கைந்து முறை பாடுவார். தனக்காகப் பாடிக்கொள்பவர் அவ்வளவு நிறுத்தி நிதானமாக, அதுவும் அவ்வளவு உரக்கப் பாட வேண்டிய அவசியமே இல்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் தப்பாக முணுமுணுத்த அடி மறுநாள் சமையலறையிலிருந்து மறுபடி கேட்கும். சரியாகப் பாடிவிட்டால் அடுத்த அடிக்குப் போய்விடுவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை.

வெகுநாள் கழித்து ஒருமுறை காரணம் கேட்டேன். "நம்பிக்கையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மத்தியமத்தை எப்படிடீ சொல்லித் தர்றது? காதுல விழுந்துதான் வரணும்" என்றார். இதற்குச் சிறிது விளக்கம் தேவை. மத்தியமம் என்பது 'ம' என்ற சுரம். வராளி, 39-ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, ஜாலவராளியைச் சேர்ந்தது. கல்யாணி ராகத்தில் வருவது போலவே இதிலும் பிரதிமத்தியமம், அதாவது மேல் 'ம'தான். ஏட்டில் எழுதினால் இரண்டும் ஒரே 'ம' எழுத்துதான். பாடும்போதோ வராளியின் மத்தியமம் சற்று மேலே ஏறி, அடுத்த சுரமான பஞ்சமத்தின் தோளில் சாய்ந்தாற்போல நிற்கும். எவ்வளவு மேலே என்று கேட்டால் அதற்கு அளவு சொல்ல முடியாது. கொஞ்சம் குறைந்தால் ராகத்தின் களை போய்விடும், கூடினால் பஞ்சமமே வந்துவிடும். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடிப் பாடும் குழுவில் யாராவது அந்த இடத்துக்கு வரும்போது அம்மா கண்ணைத் திறக்காமலேயே வலது கையின் ஆள்காட்டி விரலை மடியிலிருந்து ஒரு நூலளவு உயர்த்துவார். அதற்கு மேல் எந்தத் திருத்தமும் அவரிடமிருந்து வராது.

நூலளவு என்று சும்மா எழுதவில்லை. அம்மாவிடம் பலா மரத்தில் செய்த பழைய தம்புரா ஒன்று இருந்தது. தம்புராவின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையில், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலைச் செருகி வைப்பார்கள். ஜீவாளி என்று அதற்குப் பெயர். நூல் சரியான இடத்தில் அமராவிட்டால் தந்தி 'டொக்' என்று வறட்டு ஒலி எழுப்பி அடங்கிவிடும். ஒரு கையால் மீட்டிக்கொண்டே மறு கையால் நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டு போனால், ஓர் இடத்தில் அந்த ஒலி திடீரென்று விரிந்து தேனீக்கூட்டம் போல ரீங்கரிக்கும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்ற நான்கு தந்திகளுக்கும் இப்படி நூல் சேர்க்க அம்மாவுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. வீட்டில் எல்லோருடைய அழைப்புக்கும் உடனே எழுந்து போகிற அம்மா, ஒரு நாளில் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கால் மணி நேரத்தை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா கச்சேரி மேடை ஏறியதில்லை. இருபது வயதில் வாய்ப்பு வந்தது. அதே சமயம் அப்பாவின் தாயார் படுத்த படுக்கையானார். பிறகு அண்ணன் பிறந்தான், நான் பிறந்தேன். இரங்கல் சொல்ல வந்தவர்களில் பலர் இதைத் தியாகம் என்று புகழ்ந்தார்கள். எனக்கு அப்படிப் புகழ மனம் வரவில்லை. மேடையில் பாட அவருக்கு ஆசை இருந்தது, நடக்கவில்லை. ஒருமுறை நான் வற்புறுத்திக் கேட்டபோது, "வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அதையே நெனச்சிண்டு உட்கார்ந்திருக்க நேரம் இல்லை" என்றார். அந்தப் பதிலை அலங்கரிக்காமல் அப்படியே வைத்திருக்கவே விரும்புகிறேன்.

நேரம் இல்லாததற்குச் சனிக்கிழமைகளும் ஒரு காரணம். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அன்று மாலை எங்கள் கூடத்தில் பாடக் கூடுவார்கள். கட்டணம் கிடையாது, குரல் வளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. புதிதாக வருபவருக்கு அம்மா முதல் நாள் சொல்லும் கதை எப்போதும் பெங்களூர் நாகரத்தினம்மாளுடையது. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததை அறிந்து, தன் சொந்தப் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பி, 1925-இல் குடமுழுக்கும் நடத்தியவர் அவர். அப்படிச் செய்தும் அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது, பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பின்னால் தனித்தனியாக ஆராதனை நடத்திய எல்லாக் கோஷ்டிகளும் ஒன்றானபோது பெண்களின் குரலும் அதில் சேர்ந்தது. "இடம் இல்லேன்னா பாயைப் போட்டு நாமே உட்கார்ந்துக்கணும்" என்று கதையை முடித்துவிட்டு, உண்மையிலேயே ஒரு பாயை எடுத்து விரிப்பார்.

அந்தக் குழுவுக்காக அம்மா வைத்திருந்த நீளவாக்கு நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. இடது பக்கத்தில் பாட்டு, ராகம், தாளம். வலது பக்கத்தில் பென்சிலால், அன்று வந்தவர்களைப் பற்றிய குறிப்புகள். 'இருமல் இன்னும் போகவில்லை, மேல் ஸ்தாயி வேண்டாம்.' 'மகனுக்குப் பரீட்சை, சீக்கிரம் அனுப்ப வேண்டும்.' 'இன்று பாடவில்லை, அழுதாள், கேட்கவில்லை.' கடைசிக் குறிப்பில் 'கேட்கவில்லை' என்பது, ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்கவில்லை என்பதைக் குறிக்கிறது. அடுத்த வாரப் பக்கத்தில் அதே பெண்ணைப் பற்றி 'தானே சொன்னாள்' என்று இருக்கிறது. என்ன சொன்னாள் என்று அம்மா எழுதவில்லை.

அந்தக் குழுவில் ஒருவருக்குச் சுருதியே நிற்காது. முதல் 'ஸ'விலேயே விலகி, பிறகு தன் வழியில் தனியாகப் போய்க்கொண்டிருப்பார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைச் சகிக்க முடியவில்லை. அவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லலாமே என்று அம்மாவிடம் எரிச்சலுடன் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அம்மா அவரை முன்வரிசைக்கு அழைத்து, தம்புராவின் குடம் அவர் முழங்காலில் படும்படி பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். காதால் பிடிபடாதது உடம்பில் அதிர்ந்தாலாவது பிடிபடும் என்பது அவர் கணக்கு. அந்த இடத்தில் அவர் பதினெட்டு வருடம் உட்கார்ந்தார். எத்தனையாவது வருடத்தில் சுருதி சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அது ஒரு நாளில் நடந்த காரியம் இல்லை.

பேத்தி பிறந்த பிறகு அம்மாவிடம் நான் கண்ட மாற்றம் என்னைக் கொஞ்சம் பொறாமைப்பட வைத்தது. என்னை அதிகாலையில் எழுப்பி, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் பாடவைத்தவர், என் மகள் அதே வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு விளையாட ஓடினால் சிரித்தார். "எனக்கு மட்டும் ஏன் அந்தக் கண்டிப்பு?" என்று கேட்டேன். "அப்ப நான் அம்மா. இப்ப பாட்டி" என்றார், அது ஏதோ உத்தியோக மாற்றம் போல. மகள் முறையாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு தம்புராத் தந்தியில் விரலை வைத்து அதிர்வை நிறுத்துவதும், மறுபடி விடுவதும்தான் அவளுடைய பாடம். நான் அதை வீணான நேரம் என்று கருதினேன்.

வயதாக ஆக அம்மாவின் குரல் இறங்கியது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் ஐந்துக்கு வந்தார், பிறகு நாலரைக்கு. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பி, நான்கு தந்திகளையும் புதிதாகச் சேர்த்து, நூலை மறுபடி வைப்பார். குழுவும் முணுமுணுக்காமல் அவரோடு சேர்ந்து இறங்கியது. கடைசி இரண்டு மாதம் பாட முடியவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் என் மகள் தம்புரா மீட்டினால் போதும் என்பார். நூல் விலகி ஒலி வறண்டால், தலையை அசைப்பார். மகள் நூலை நகர்த்துவாள். சரியான இடம் வந்ததும் அம்மாவின் கண் மூடிக்கொள்ளும்.

அம்மா போன ஐந்தாவது வாரம், சனிக்கிழமை மாலை, யாரும் அழைக்காமலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் பாயை விரித்தேன். மகள் தம்புராவை எடுத்துக்கொண்டு அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடம் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அன்றும் அங்கேயே உட்கார்ந்தார். நாட்டையும் கௌளையும் ஆரபியும் ஓரளவு நன்றாகவே போயின. வராளி வந்ததும் எல்லோரும் தயங்கினோம், ஏனென்றால் அதை எப்போதும் தொடங்கிவைப்பவர் அம்மா. குடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்தான் தொடங்கினார். குரல் நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை. மத்தியமத்தில் வந்து நின்றபோது அது ஒரு பொட்டு தாழ்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் மீட்டிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த இடது கையின் ஆள்காட்டி விரல் ஒரு நூலளவு உயர்ந்தது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். அடியை மறுபடி எடுத்தார்.