கொண்டை ஊசி வளைவில் ஒரு கல்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பதினான்காவது வளைவில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மகளுக்குக் குமட்டல். (மொத்தம் 20 வளைவு, எப்படியும் ஒன்றில் நிற்போம்.)

வாய் கொப்பளித்துவிட்டு, சாலையோரம் உடைந்து கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். மேல்பக்கம் மங்கிய பழுப்பு. உடைந்த பக்கம் மட்டும் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது.

சார்னோக்கைட் என்ற பாறை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் எலும்பே இதுதான். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்றேன்.

"அப்போ கடவுள் உலகத்தை ஆறு நாள்ல படைச்சார்னு மறைக்கல்வியில சொன்னாங்களேப்பா?"

சிறுவயதில் இதே கேள்விக்கு என் தலையில் குட்டுதான் விழுந்தது.

பைபிளின் படைப்புக் கதையில் சூரியனே நாலாம் நாள்தான் வருகிறது. முந்தின மூன்று நாளை எந்தக் கடிகாரத்தில் அளப்பது என்று அவளிடமே கேட்டேன். சிரித்துவிட்டாள்.

அப்புறம் ஜார்ஜ் லெமேத்தரைப் பற்றிச் சொன்னேன். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே எழுதியவர். 1931-ல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்து அது.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமேத்தருக்கு அது உவப்பாக இல்லை. தன் கணக்கை அவர் கடவுளுக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. பூசை வைப்பதையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கல்லை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

என் மனைவி அதை எடுத்து, மண்ணைத் துடைத்துவிட்டு, அங்கேயே வைத்தாள்.