இலவச பீட்சாவும் எங்கள் ஊருணியும்

அமெரிக்கச் சட்டப் பள்ளியில் முதல் பருவம் முழுக்க நான் கூட்டங்களுக்குப் போனது சாப்பாட்டுக்காகத்தான். ஓராண்டு முதுநிலைப் படிப்பு. கடன் வாங்கிப் போனவன். நண்பகலில் ஏதாவது ஓர் அறையில் பொதுக்கொள்கை, சுற்றுச்சூழல் விதிகள் என்று யாராவது பேசுவார்கள். வாசல் மேசையில் பீட்சா அடுக்கியிருக்கும். சைவத் துண்டுகள் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதை இரண்டு நாள் பட்டினி கற்றுக்கொடுத்தது. மூன்றாம் நாள் 11.50-க்கே வரிசையில் நின்றேன். வெண்டைக்காய் மண்டி என்னும் எங்கள் ஊர்க் குழம்புக்குப் பழகிய நாக்கு, வேறு வழியின்றி அதற்கும் பழகியது.

குளிரைப் பற்றியும் பனிக்காலணியைப் பற்றியும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் பீட்சாவை மறந்து கேட்டேன். அன்று இருவர் எதிரெதிராக நின்று பேசியது சாக்கெட் வழக்கு. ஐடஹோ மாநிலத்துத் தம்பதியர் 2004-இல் ப்ரீஸ்ட் ஏரிக்கு அருகே மனை வாங்கி, வீடு கட்ட மண்ணும் சரளையும் கொட்டினார்கள். அது சதுப்பு நிலம், பழையபடி ஆக்குங்கள், இல்லையென்றால் நாளொன்றுக்கு 40,000 டாலருக்கு மேல் அபராதம் என்றது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மனைக்கு எதிரே சாலை. சாலைக்கு அப்பால் ஒரு வாய்க்கால். அது ஓடையில் சேர, ஓடை ஏரியில் சேர்கிறது. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் காப்பது 'அமெரிக்காவின் நீர்நிலைகளை'. அந்த மனை அதில் சேருமா? சேராது என்றது உச்ச நீதிமன்றம், 2023 மே மாதம். ஒன்பது நீதிபதிகளும் தம்பதியர் பக்கம். காரணத்தில் மட்டும் ஐந்துக்கு நான்கு. ஏறக்குறைய நிரந்தரமாகத் தண்ணீர் இருக்கும் நீர்நிலையோடு, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாதபடி மேற்பரப்பில் ஒட்டியிருந்தால்தான் சதுப்பு நிலத்துக்கு அந்தச் சட்டத்தின் காவல்.

எனக்கு வரத்துக்கால் நினைவுக்கு வந்துவிட்டது, ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால். ஐப்பசி, கார்த்திகையில் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் ஆடு மேயும் எங்கள் ஊர் வரத்துக்கால். கை உயர்த்தி, எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று கேட்பதில்லை. அறையே திரும்பிப் பார்த்தது. "வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓடும் வாய்க்கால் நீர்நிலையா, இல்லையா?" நில உரிமையாளர் பக்கம் பேசியவர், அதை மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்றார். எதிர்ப்பக்கம் பேசியவர், எத்தனை மாநிலங்கள் பார்க்கின்றன என்று கேட்டார். பிறகு இருவரும் கைகுலுக்கி, ஒரே பெட்டியிலிருந்து பீட்சா எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சித்திரையில் செட்டிநாட்டுக்கு வந்து, முகப்புத் திண்ணையில் அப்பச்சியிடம் (எங்கள் வழக்கில் அப்பா) இதைச் சொன்னேன். பனையோலை விசிறியை நிறுத்திவிட்டு, "நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?" என்றார்.

அன்றிரவே பார்த்தேன். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு 2007-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு என்று அதன் முகவுரையிலேயே இருக்கிறது. ஊருணி அந்தத் துறைக்குச் சொந்தமில்லை. ஊருணியைக் காக்க வேறு விதிகளும் தீர்ப்புகளும் உண்டுதான். ஆனாலும் ஐடஹோவில் எழுந்த கேள்வி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பச்சி ஊருணிக்கு அழைத்துப் போனார். ஆயா காலத்தில் இந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப் போய், உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு மூடி வைப்பார்கள். விடிந்தால் கலங்கல் அடியில் தங்கி, மேலே கண்ணாடியாக இருக்கும். இப்போது அடியில் வெடித்த களிமண்தான். வரத்துக்கால் வழியில் யாரோ வீடு இடித்த கல்லும் காரையும் கொட்டியிருந்தார்கள். அப்பச்சி கைத்தடியால் ஒரு செங்கல்லைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான் படியில் இறங்கப் போனேன்.

"செருப்பைக் கழற்று" என்றார். தம்முடையதை ஏற்கெனவே கழற்றி மேலே வைத்திருந்தார்.