பாட்டைத் தேடாம அது பொறக்குற மேடையைத் தேடுங்க

புதுசு புதுசா ராக் பாண்டுங்களை எங்கருந்து புடிக்கிறேன்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. யாருக்குமே தெரியாத பாண்டோட முதல் சிங்கிள் (ஆல்பத்துக்கு முன்னாடி தனியா வர்ற ஒத்தைப் பாட்டு), லேபிள், அதாவது பாட்டை வெளியிடுற கம்பெனிகூட இல்லாதவங்களோட பாட்டு, இதெல்லாம் உனக்கு மட்டும் எப்படிக் கெடைக்குதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்புறதுக்குப் பதிலா இங்கயே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்னுதான். பாட்டைத் தேடுறதை விட்டுட்டு அந்தப் பாட்டை முதல்ல வாசிச்சுப் பாக்குற இடத்தைத் தேடிப் போறது. ஸ்பாட்டிஃபைல 2015ல டிஸ்கவர் வீக்லின்னு வாராவாரம் நம்ம ரசனைக்கு ஏத்த பாட்டுங்களைத் தொகுத்துக் குடுக்குற ப்ளேலிஸ்ட் வந்தப்போ நானும் ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஆசையா திறந்து பாத்தவன்தான், நல்ல பாட்டும் நெறைய கெடைச்சிருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது நம்மளை மாதிரி ரசனை உள்ளவங்க ஏற்கனவே கேட்டு வச்சதுலருந்துதான் எடுத்துக் குடுக்கும், இன்னைக்குத்தான் முதல் பாட்டைப் போட்ட, பத்து பேர் மட்டும் கேட்ட ஒரு பாண்டை அது எப்படிக் கொண்டு வரும், முதல்ல ஒரு மனுஷன் அதைக் கேட்டு இது நல்லாருக்குன்னு முடிவு பண்ணணும் இல்லையா. அந்த மனுஷன் எங்க நிக்கிறான்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சது.

எனக்கு அப்படிக் கெடைச்ச இடம் லண்டன்ல, பிரிக்ஸ்டன்ல இருக்குற விண்ட்மில். நான் அங்க போனதே இல்ல, எல்லாமே யூட்யூப் புண்ணியம். அது ஒரு சின்ன பப், நூத்தம்பது பேர் நின்னாலே ஃபுல், தெரு ஓரமா நிஜமாவே 1816ல கட்டின ஒரு பழைய காத்தாலை இருக்கு, அதனாலதான் அந்தப் பேரு. பாக்குறதுக்கு ஒன்னுமே இருக்காது. தாழ்வான சீலிங், குட்டி மேடை, பாண்டுல ஆள் அதிகமா இருந்தா ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் மேல இடிக்கும். ஆனா ஃபேட் வைட் ஃபேமிலி, ஷேம், கோட் கேர்ள், பிளாக் மிடி, ஸ்க்விட், பிளாக் கன்ட்ரி நியூ ரோடுன்னு கடந்த பத்துப் பதினஞ்சு வருஷத்துல இங்கிலாந்து ராக்ல பேசப்பட்ட பாண்டுங்கள்ல எத்தனை பேர் அந்த மேடை வழியா வந்தவங்கன்னு பாத்தா அசந்துபோயிடுவீங்க.

இது ஏதோ அதிர்ஷ்டத்துல நடந்ததுன்னு எனக்குத் தோணல. அங்க ப்ரோக்ராம் போடுறவங்க ஒரு பாண்டு புடிச்சுப்போச்சுன்னா ஒரு தடவையோட அனுப்பிடாம திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க, கூட்டம் வருமா வராதான்னு கவலைப்படாம. அப்போ என்ன ஆகுதுன்னா அந்தப் பசங்க பாட்டை ஸ்டூடியோவுல முடிச்சுட்டு மேடைக்குக் கொண்டுவர்றது இல்ல, மேடையிலயே பாட்டை செஞ்சு பாக்குறாங்க, இந்த மாசம் மூணு நிமிஷமா இருந்தது அடுத்த மாசம் எட்டு நிமிஷம் ஆகுது, வரிகள் மாறுது, நடுவுல ஒரு பகுதி காணாமப் போகுது. முன்னாடி நின்னு கேக்குறதுல பாதிப் பேர் வேற பாண்டுல வாசிக்கிறவங்க, அவங்க முன்னாடி போன வாரம் வாசிச்சதையே அப்படியே வாசிக்க யாருக்குத்தான் மனசு வரும்.

இதுல நமக்கு என்ன லாபம்னா, அந்த நிகழ்ச்சிகளை கேமரா எடுத்துட்டுப் போய்ப் புடிச்சு யூட்யூப்ல போடுற ரசிகர்கள் இருக்காங்க. சவுண்டு சில சமயம் கரகரன்னு இருக்கும், முன்னாடி நிக்கிறவர் தலை பாதி மேடையை மறைக்கும், பரவால்ல. த லாஸ்ட் டின்னர் பார்ட்டின்ற பாண்டோட முதல் சிங்கிள் 2023 ஏப்ரல்லதான் வந்துச்சு, 2024ல அவங்க முதல் ஆல்பம் பிரிட்டன் சார்ட்ல முதல் இடத்துக்குப் போச்சு, திடீர்னு இவங்க எங்கருந்து குதிச்சாங்க, பெரிய கம்பெனி ஜோடிச்சு அனுப்பின பாண்டுன்னு நெட்டுல ஒரே சண்டை. எனக்கு அந்தப் பேச்சு கேக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அந்த சிங்கிள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க விண்ட்மில்ல வாசிச்ச வீடியோ யூட்யூப்ல கெடந்துச்சு, யார் வேணும்னாலும் பாத்திருக்கலாம்.

பிளாக் மிடி கதையும் அப்படித்தான். அடேல், ஏமி வைன்ஹவுஸ் எல்லாம் படிச்ச பிரிட் ஸ்கூல்னு லண்டன்ல இருக்குற கலைப் பள்ளியில படிச்ச பசங்க. ஆரம்பத்துல நெட்டுல தேடினா அவங்களைப் பத்தி ஒன்னுமே கெடைக்காது, 2018ல ஒரே ஒரு சிங்கிள். அதே வருஷம் சியாட்டில் ரேடியோ ஸ்டேஷன் கேஇஎக்ஸ்பி ஐஸ்லாந்துக்குப் போய் ரெய்க்யாவிக்ல ஒரு ஹாஸ்டல்ல வச்சு அவங்களை ஷூட் பண்ணுச்சு. அந்த வீடியோவைத்தான் நான் முதல்ல பாத்தேன். மார்கன் சிம்ப்சன் ட்ரம்ஸ் வாசிக்கிறதைப் பாத்துட்டு வாயடைச்சுப் போயி திரும்ப முதல்லருந்து போட்டேன், கிட்டார் ரெண்டும் ஒன்னுக்கொன்னு சண்டை போடுற மாதிரி ஓடிட்டு இருக்கும், அவர் மட்டும் நடுவுல அவ்வளவு சுலபமா எல்லாத்தையும் கட்டி இழுத்துட்டுப் போவாரு. முதல் ஆல்பம் ஷ்லாகன்ஹைம் வந்தது 2019லதான்.

இடத்துக்கு அடுத்தபடியா நான் பின்தொடர்றது பின்னாடி வேலை செய்ற ஆளுங்களை. அந்த பிளாக் மிடி சிங்கிளைப் போட்டது ஸ்பீடி வண்டர்கிரவுண்டுன்னு ஒரு குட்டி லேபிள், டான் கேரின்ற ப்ரொட்யூசர் (காசு போடுறவர் இல்ல, ஸ்டூடியோவுல கூட இருந்து பாட்டை ரெக்கார்டா உருவாக்குறவர்) மத்தவங்களோட சேர்ந்து 2013ல ஆரம்பிச்சது. அவங்க வேலை செய்ற விதமே தனி, ஒரு பாட்டை ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணி முடிச்சுடணும், லைட்டை அணைச்சுட்டு புகை மெஷினும் லேசரும் போட்டு இருட்டுல வாசிக்கணும், அப்புறம் 250 காப்பி மட்டும் ஏழு இஞ்ச் ரெக்கார்டா அடிப்பாங்க. இப்படி நெருக்கி வச்சா யோசிச்சு யோசிச்சுப் பாட்டோட உயிரை எடுக்க நேரமே இருக்காது, மேடையில இருந்த சூடு அப்படியே ரெக்கார்டுல வந்துடும்னு நான் நம்புறேன், கேட்டுப் பாத்தா உங்களுக்கும் அது தெரியும். அந்த ஒரு பேரைப் புடிச்சுக்கிட்டே போனா ஸ்க்விட் வரும், கோட் கேர்ள் வரும், டப்ளின்லருந்து ஃபான்டெய்ன்ஸ் டிசி வரும், எல்லாத்துலயும் டான் கேரி கை இருக்கு. அதனால பாட்டு புடிச்சா பாடினவர் பேரோட நிறுத்திக்காதீங்க, ப்ரொட்யூசர் யாரு, எந்த லேபிள், அன்னைக்கு ராத்திரி அதே மேடையில வேற யாரு வாசிச்சாங்கன்னு பாருங்க.

பிளாக் கன்ட்ரி நியூ ரோட் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லிடறேன், இவங்க மேல எனக்கு இருக்குற பிரியம் வேற. இவங்க முதல் சிங்கிளும் 2019 ஜனவரில அதே ஸ்பீடி வண்டர்கிரவுண்டுலதான். வழக்கமான கிட்டார், ட்ரம்ஸ் கூட சாக்ஸஃபோன், வயலின், கீபோர்டும் சேர்ந்து வரும், முதல் ஆல்பத்தோட முதல் டிராக்ல யாரும் பாடுறதே கெடையாது, வெறும் இசைதான், கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட க்ளெஸ்மர்னு ஒரு கல்யாண இசை இருக்கு, அந்த சாயல்ல சாக்ஸும் வயலினும் சேர்ந்து ஏறும் பாருங்க, நம்ம ஊர்ல முகூர்த்த நேரத்துல கெட்டிமேளம் ஏறுற மாதிரி உடம்பெல்லாம் அதிரும். 2020ல கொரோனாவால எல்லா மேடையும் மூடிக் கெடந்தப்போ டிசம்பர்ல இவங்களும் பிளாக் மிடியும் ஒன்னா சேர்ந்து விண்ட்மில்லுக்காக நிதி திரட்ட ஆன்லைன்ல ஒரு நிகழ்ச்சி பண்ணாங்க, தங்களை வளர்த்த இடம் மூடிடக் கூடாதுன்னு.

அப்புறம் 2022 பிப்ரவரி 4ல ரெண்டாவது ஆல்பம் ஆண்ட்ஸ் ஃப்ரம் அப் தேர். அது வர்றதுக்கு நாலே நாள் முன்னாடி பாடகர் ஐசக் வுட் பாண்டை விட்டு விலகுறேன்னு சொல்லிட்டாரு. மனசு சரியில்ல, மேடையில நின்னு பாட முடியலன்னு. வேற பாண்டா இருந்தா வேற பாடகரைக் கொண்டுவந்து அதே பாட்டை வாசிச்சு டூரை முடிச்சிருப்பாங்க. இவங்க ஐசக் பாடின ஒரு பாட்டைக்கூட வாசிக்க மாட்டோம்னு முடிவு பண்ணி மொத்தமா புதுப் பாட்டு எழுதுனாங்க, ஆளாளுக்குப் பாடுனாங்க, டிசம்பர்ல லண்டன் புஷ் ஹால்ல வாசிச்சதை 2023ல லைவ் ஆல்பமாவே போட்டாங்க. ரசிகர்கள் கேட்டதை வாசிச்சா காசு நிச்சயம்னு தெரிஞ்சும், நண்பனோட வார்த்தையை இன்னொருத்தர் வாயில வைக்க மாட்டோம்னு நின்னாங்களே, அதுக்காகவே அந்த ஆல்பத்தை நான் முழுசா, டிராக் எதையும் தாண்டாமதான் கேப்பேன்.

பாண்டுங்க கிட்டருந்து நேரடியா பாட்டு வாங்குற பேண்ட்கேம்ப்ன்ற வெப்சைட் பத்தியும் சொல்லணும். அங்க ஒரு ஆல்பம் பக்கத்துல அதை வாங்கினவங்களோட குட்டிக் குட்டிப் படம் வரிசையா இருக்கும், ஒன்னைத் தட்டினா அந்த ஆள் வேற என்னென்ன வாங்கியிருக்காருன்னு மொத்தக் கலெக்‌ஷனும் வரும். எனக்குப் புடிச்ச, ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒரு ஆல்பத்தை ஒருத்தர் காசு குடுத்து வாங்கியிருக்காருன்னா அவரோட மத்த ரசனையும் எனக்கு ஒத்துப்போகும், அநேகமா எல்லாத் தடவையும் அப்படித்தான் நடந்திருக்கு. இங்க காசு குடுக்குறதும் முக்கியம். 2024லருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல ஆயிரம் தடவை ஓடலன்னா அதுக்கு ராயல்டியே கெடையாது, ஆரம்பிக்கிற பாண்டுக்கு அந்த ஆயிரம்கூட மலைதான். பேண்ட்கேம்ப்ல டிஜிட்டல் விற்பனையில கம்பெனி எடுத்துக்குறது 15 சதவீதம், 2020ல ஆரம்பிச்ச பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாள்ல அதையும் எடுக்காது. நான் வாங்கணும்னு நெனைக்கிறதை எல்லாம் விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சுட்டு அந்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்து வாங்குவேன்.

நம்ம ஊருக்கும் இதே வழி நல்லாவே வேலை செய்யும். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ன்ற பாண்டு 2018 ஜனவரில சென்னையில மேடை ஏறினப்போ கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்னா வந்துச்சு. அதுல இசையமைப்பாளர் டென்மான்ற ஒரு பேரைப் புடிச்சுப் பின்னாடி போனா பாட்டு எழுதிப் பாடுற கபேர் வாசுகியோட அவர் சேர்ந்து வாசிச்ச குரங்கன்ற பாண்டு வரும், அங்கருந்து கபேர் வாசுகியோட தனிப் பாட்டுங்க வரும், இன்னொரு பக்கம் போனா அதே பாண்டுல ராப் பாடின அறிவு. எந்தப் ப்ளேலிஸ்டும் எனக்கு இந்த வரிசையைப் போட்டுக் குடுக்கல.

பிளாக் மிடி இப்போ இல்ல, 2024ல முடிஞ்சுபோச்சு. அதுல பாடி கிட்டார் வாசிச்ச ஜோர்டி க்ரீப் அதே வருஷம் தனியா தி நியூ சவுண்டுனு ஒரு ஆல்பம் போட்டாரு, பாதி பிரேசில்ல அந்த ஊர்க் கலைஞர்களோட சேர்ந்து பண்ணது, அவ்வளவு துள்ளல். அதே பாண்டுல பேஸ் வாசிச்ச கேமரன் பிக்டன் மை நியூ பாண்ட் பிலீவ்னு புதுசா ஒன்னு ஆரம்பிச்சிருக்காரு, நான் இப்போ விடாமப் பாத்துட்டு இருக்குறது அதைத்தான். நீங்க புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா முதல்ல அந்த ஐஸ்லாந்து வீடியோ, அப்புறம் புஷ் ஹால் ஆல்பம், அதுக்கப்புறம் யூட்யூப்ல விண்ட்மில் பிரிக்ஸ்டன்னு அடிச்சு புதுசா ஏத்தினது மேல வர்ற மாதிரி வச்சுட்டு, பேரே கேள்விப்படாத பாண்டா பாத்து ஒன்னைப் போடுங்க, ஹெட்ஃபோன்ல.