விருப்ப நன்கொடையை எப்படி உயர்த்துவது?

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கையில், வரவு செலவுத் திட்டம் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றுதான் இருக்கிறது. எழுதியவர் செயலாளர். கைகளை எண்ணிச் சொன்னது நான். பொருளாளர் என்ற முறையில் அந்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்ததும் நான்தான். கணக்கில் ஒரு சதம் பிழை இல்லை. வலயக் கல்விப் பணிமனையில் இருந்து வந்தவரும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனாலும் அந்தக் கைகளில் ஒன்றை எண்ணியது சரிதானா என்று எனக்குள் இன்னும் இழுபறியாகவே இருக்கிறது.

திட்டத்தில் மூன்று செலவுகள் கூடியிருந்தன. தரம் 10, 11 வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியையின் கொடுப்பனவை 12,000 ரூபாவிலிருந்து 20,000 ஆக்குவது முதலாவது. கழிவறை கழுவ வரும் அம்மாவின் சம்பளம் இரண்டாவது. மூன்றாவது போட்டோகொப்பி: தாள், டோனர், பழுதுபார்ப்பு. இந்த மூன்றாவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்தக் கூடுதல் செலவுகளுக்கு ஈடாக, பெற்றோர் மாதம் தரும் 150 ரூபாவை 400 ஆக்க வேண்டும். அந்தப் பணத்துக்குக் காகிதத்தில் 'விருப்ப நன்கொடை' என்று பெயர். கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. அப்படியென்றால் ஒருவருடைய விருப்பத்தை இன்னொருவர் கை தூக்கி எப்படி உயர்த்துவது? அன்று இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அரசாங்கம் அனுப்பும் தர உள்ளீட்டு நிதி கற்றல் பொருட்களுக்கானது. அதில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கணித ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறது என்று வலயத்துக்கு ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம். அடுத்த நியமனத்தில் கவனிக்கப்படும் என்று பதில் வரும். கொழும்பில் இருக்கும் பாடசாலைக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வடகொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் வந்து பார்த்தால்தான் தெரியும். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் விழுந்தால் உயர்தர வகுப்பின் கதவு முக்கால்வாசி மூடிவிடும். எங்கள் பிள்ளைகள் அந்தக் கதவடியில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பது ஆசிரிய அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் அந்த 20,000 ஐ நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதில் இன்றைக்கும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அந்தத் தொண்டர் டீச்சர் அன்று மண்டபத்துக்கு வரவில்லை. தன்னுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் எப்படி இருப்பது சேர் என்று சொல்லிவிட்டு, மேல்மாடியில் பயிற்சிக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். ஹெந்தளையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். 12,000 இல் பஸ்ஸுக்கே எவ்வளவு போகும் என்பதைக் கணிதம் படித்தவரிடம் கேட்கத் தேவையில்லை.

விவாதம் என்று சொல்லக்கூடியது இரண்டு பேரால்தான் வந்தது. ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பழைய மாணவர். எழுந்து நின்று, "கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945 இல் தந்த இலவசக் கல்வியை நீங்கள் மாதத் தவணைக்கு மாற்றுகிறீர்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடனே பதில் சொன்னேன்: "1980 இலிருந்து புத்தகம் இலவசம், 1993 இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். ஆனால் ஐயா, அந்தப் புத்தகத்தைத் திறந்து படிப்பிக்க ஆள் வேண்டுமே?" மண்டபத்தில் நல்ல கைதட்டல். எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஐயா விடவில்லை. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டார்களே, அப்போது பெற்றோர் எல்லோரும் எங்கே இருந்தீர்கள், கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் ஏன் இந்த ஏழைச் சனத்திடம் கேட்கிறீர்கள் என்றார். அதற்கு யாரும் கை தட்டவில்லை. அவர் சொன்னது சரி. கல்விக்கு ஒதுக்குவது 2 வீதத்துக்கும் கீழே போய்விட்ட நாடு இது. ஆனால் 6 வீதம் வரும்வரை தரம் 11 பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதும் சரிதானே?

மற்றவர் ஆமர் வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன். உதவி என்று போனால் இல்லை என்று சொல்லாத மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு வகுப்பில் ஸ்மார்ட் போட், அதாவது மின்னணுத் திரைப் பலகை, வேண்டும். 400 போதாது, 600 ஆக்குங்கள் என்றார். முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "400 ரூபாங்கிறது இப்ப ஒரு சோத்துப் பார்சல். மாசத்துல ஒரு பார்சல் காசு பிள்ளைக்காகக் குடுக்க ஏலாதா?" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அப்போதுதான் அந்த அம்மா எழுந்தார். அவருடைய மகன் தரம் 10. தகப்பன் மெனிங் மரக்கறிச் சந்தையில் நாட்டாமை, மூட்டை சுமப்பவர். 2020 இல் சந்தை புறக்கோட்டையில் இருந்து பேலியகொடைக்குப் போன பிறகு அவர் விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாராம். கூட்டங்களுக்கு எப்போதும் அம்மாதான் வருவார், எப்போதும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். கையில் கைப்பை இல்லை. ஏதோ ஒரு கடையின் நாட்காட்டியைச் சுருட்டி வைத்திருந்தார், யாரோ வாசலில் கொடுத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"சேர், இது பாஸாகணும். நானும் கையத் தூக்குறேன். ஆனா என்கிட்ட வந்து கேக்காதீங்க, என்னால குடுக்க ஏலாது."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். அதிபர், "சரி அம்மா, அத அப்புறம் பாப்போம், உக்காருங்க" என்றார். பிறகு முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கைகள் உயர்ந்தன. சொன்னபடி அவருடைய கையும் உயர்ந்தது. நான் எண்ணினேன்.

வேறு என்ன செய்திருக்கலாம்? கையை உயர்த்தியவரை எண்ணாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. கூட்ட ஒழுங்கில் கொடுக்க முடிந்தவர் கை, முடியாதவர் கை என்று பிரிவு இல்லை. இருக்கவும் கூடாது. பணம் உள்ளவன்தான் வாக்களிக்கலாம் என்று இருந்த காலத்தை இந்த நாடு 1931 இலேயே தாண்டிவிட்டது. அந்த வகையில் பார்த்தால் அவரை எண்ணியதுதான் மரியாதை. அந்த மண்டபத்தில் பாடசாலைக்கு எது தேவை, தன்னால் எது முடியும் என்ற இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். என் மகனுக்குக் கணக்கு டீச்சர் வேண்டும், முடிந்தவர்கள் கொடுங்கள் என்றுதானே சொன்னார்? வரி என்பதும் இதுதானே?

இப்படி யோசித்துச் சமாதானமாகி இருக்கும்போது மற்றப் பக்கம் தலைகாட்டும். மேடையில் அதிபர் இருந்தார். பக்கவாட்டில் வகுப்பாசிரியர்கள் வரிசையாக நின்றார்கள், அவருடைய மகனின் வகுப்பாசிரியை உட்பட. அப்படிப்பட்ட இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க ஒரு நாட்டாமையின் மனைவிக்கு என்ன துணிவு இருக்க முடியும்? 'பாஸாகணும்' என்று முதலில் சொன்னது, பின்னால் வரும் வார்த்தைக்கு முன்கூட்டியே கட்டிய வரியாகவும் இருக்கலாம். எனக்கு ஏலாது என்பதை மட்டும் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவர் எங்களைச் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொண்டாரோ என்னவோ.

நான் அவரிடம் நேரில் கேட்டிருக்கலாம் என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். என்ன கேட்பது? உண்மையாகத்தான் கை தூக்கினீர்களா அம்மா என்றா? பொருளாளர் வந்து கேட்டால் எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்வாள்.

நான் செய்தது ஒன்று உண்டு. கொடுக்காத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசிக்கக் கூடாது என்று எல்லா வகுப்பாசிரியர்களிடமும் சொன்னேன். அதை ஓரளவு கேட்டார்கள். ஆனால் பட்டியல் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால் யார் இல்லை என்று தெரிந்துவிடும். பட்டியல் இல்லாமல் கணக்கு வைக்க முடியாது, கணக்கு இல்லாவிட்டால் கணக்காய்வில் மாட்டுவது நான். மாத முடிவில் டீச்சருக்கு 20,000 எண்ணி வைக்கும்போது அந்தப் பட்டியலை நானும் ஒருமுறை பார்ப்பேன். அந்தப் பையனின் பெயருக்கு நேரே வெறுமையாக இருக்கும். ஒரு மாதம் மட்டும் 200 ரூபா இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகமாகச் சங்கடமாக இருந்தது. கேட்காதீர்கள் என்று சபையில் சொன்னவரிடம் யார் கேட்டார்கள்? பையன் தானாகப் போய் நச்சரித்தானா? விசாரித்தால் வகுப்பாசிரியை மனம் நோவார் என்று விட்டுவிட்டேன். அது சரியென்றுதான் இன்னும் நினைக்கிறேன். எப்போதும் நினைக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் அந்த டீச்சருக்கு நியமனம் கிடைத்தது, மலையகத்துக்கு. எங்களுக்குச் சந்தோஷம்தான், வடை, கேக் எல்லாம் வைத்து அனுப்பினோம். அவருக்குப் பதிலாக ஒருவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. 20,000 அந்தத் தலைப்பில் மிச்சம் விழுந்தது. செயற்குழுவில் ஆமர் வீதித் தகப்பன் கையோடு விலைக் கோரல் கொண்டுவந்தார், மீதியைத் தானே போடுவதாகவும் சொன்னார். ஸ்மார்ட் போட் வந்தது. நல்ல சாமான். விஞ்ஞான டீச்சர் அதில் இருதயம் சுருங்கி விரிவதைக் காட்டும்போது பின்வாங்கில் இருப்பவனும் எழுந்து பார்க்கிறான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 400 மட்டும் 400 ஆகவே நின்றுவிட்டது. பஸ் கட்டணம்கூட 2022 இலும் 2024 இலும் கொஞ்சமாவது இறங்கியது.

அந்தக் கை உயர்ந்தது கணித டீச்சருக்காக. அதை வைத்து வாங்கியது வேறொன்று. செயற்குழுவுக்கு நிதியை ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அதிகாரம் உண்டு, கூட்ட அறிக்கையில் முறையாகப் பதிந்தும் இருக்கிறது. நானே கையெழுத்து வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் பணம் வங்கியில் தூங்கியிருக்கும், யாருக்கும் லாபமில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த வருடத் திட்டத்துக்கு ஒரு யோசனை வைத்தேன்: மாதக் கொடுப்பனவு பற்றிய தீர்மானத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும், கை உயர்த்த வேண்டாம். அதிபர் சிரித்தார். "400 ரூபாவுக்கு இரகசிய வாக்கெடுப்பா? தேர்தல் ஆணைக்குழுவையும் கூப்பிடுவோமா?" என்றார். பிறகு யோசித்து, செய்து பார்க்கலாம் என்றார். பெட்டி தயார், அலுவலக அலுமாரியில் இருக்கிறது. அந்த அம்மா வந்தால் யாருக்கும் தெரியாமல் வேண்டாம் என்று எழுதலாம். ஆனால் அவர் அப்போதும் ஓம் என்றுதான் எழுதுவார் என்று என் மனம் சொல்கிறது. அப்படி எழுதிவிட்டால் அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று எனக்கு இப்போதே தெரியவில்லை.