இரண்டு அடுக்கு கிராஃபீனில் நான் படித்த பாடம்

எம்.எஸ்ஸி இறுதியாண்டு புராஜெக்டுக்கு இரட்டை அடுக்கு கிராஃபீனை (ஓர் அணு தடிமனுள்ள இரண்டு கார்பன் தாள்கள்) எடுத்தேன். அதை டிஎஃப்டியில், அதாவது எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் பொருளின் பண்புகளைக் கணிக்கும் முறையில், கணக்கிட வேண்டும். திரும்பத் திரும்ப வரும் துண்டான ஒரு யூனிட் செல்லில் நாலே கார்பன் அணுக்கள், சாதாரண லேப்டாப்பே போதும், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது. இந்த வருடம் இதே மாதிரி தலைப்பை எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ என்ற டிஎஃப்டி மென்பொருளில் பிபிஇ ஃபங்ஷனலை (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதைத் தோராயமாகச் சொல்லும் சூத்திரம்) போட்டு, இரண்டு அடுக்கையும் 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் வைத்து ரிலாக்ஸ் செய்தேன், அதாவது ஆற்றல் குறைந்த நிலைக்கு அணுக்களை நகரவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் அடுக்குகள் 4 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டி விலகிப் போயிருந்தன. பிழைச் செய்தி எதுவும் இல்லை, கணக்கு ஒழுங்காக முடிந்திருந்தது. இன்புட்டில் தப்பு இருக்கும் என்று மூன்று நாள் தேடினேன். தப்பு இன்புட்டில் இல்லை. அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது வான் டெர் வால்ஸ் விசை. அது பிபிஇ-க்குத் தெரியாது. அந்த விசையைக் கணக்கில் கொண்டுவரும் டி3 திருத்தத்தைச் சேர்த்ததும் இடைவெளி கிராஃபைட்டின் 3.35-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிபிஇ-க்குப் பதில் எல்டிஏ என்ற இன்னொரு ஃபங்ஷனலைப் போட்டால் திருத்தம் எதுவும் இல்லாமலே 3.3 போல வந்துவிடும். அதிலும் வான் டெர் வால்ஸ் கிடையாது; பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் விடை சரியாகத் தெரிகிறது. விடை பொருந்துகிறது என்பதற்காக முறையை நம்பிவிடாதீர்கள். வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

அப்புறம் கே-பாயிண்ட், அதாவது எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் புள்ளிகள். ஒற்றை அடுக்குக்கு முதலில் 10×10×1 கிரிட் வைத்திருந்தேன். பேண்ட் படத்தில் (எலக்ட்ரான் ஆற்றல்களின் வரைபடம்) இரண்டு பேண்டுகள் ஒரு புள்ளியில் தொடும் டிராக் கூம்பு அழகாக வந்தது, ஆனால் அதன் முனை ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) உட்காராமல் தள்ளி நின்றது. கூம்பின் முனை வரும் கே புள்ளி, எலக்ட்ரான் அலைகளுக்கான அறுகோண வெளியின் மூலை, (1/3, 1/3) என்ற இடத்தில் இருக்கிறது. நடுப்புள்ளியான காமாவில் தொடங்கும் கிரிட் 3-இன் மடங்காக இருந்தால்தான் அந்தப் புள்ளி கணக்குக்குள் வரும். 12×12×1 ஆக்கியதும் முனை சரியான இடத்துக்கு வந்தது. முடிவு நிலைக்கும்வரை 18, 24 என்று கூட்டிப் பாருங்கள்.

இதைப் புரியவைத்தது மென்பொருள் இல்லை, ஒரு தாள். எலக்ட்ரான் ஒரு அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குத் தாவுவதாக எடுக்கும் டைட் பைண்டிங் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு அணுவுக்கு மூன்று அண்டை அணுக்கள், அதனால் அலையின் கட்டத்தை (phase) சொல்லும் மூன்று எண்களின் கூட்டல். கே புள்ளியில் அந்த மூன்றும் 120 டிகிரி இடைவெளியில் நிற்கும். மூன்று அம்புகளாக வரைந்து ஒன்றின் முனையில் அடுத்ததன் வாலைச் சேர்த்தால் முக்கோணம் மூடிக்கொள்ளும், கூட்டல் பூஜ்யம். பேண்டுகள் தொடுவது அதனால்தான். இயற்பியலாளர் வாலஸ் 1947-லேயே போட்ட கணக்கு இது. அதை நான் வரைந்து பார்த்த சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை கூம்பு எனக்கு வெறும் படம்தான்.

மென்பொருள் உங்கள் அடுக்கை மேலும் கீழும் நகலெடுத்துக்கொண்டே போகும்; நடுவில் வெற்றிடம் 15 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வரை கொடுங்கள். குறைத்தால் மேலே இருக்கும் நகலோடு உங்கள் அடுக்கு பேச ஆரம்பித்துவிடும்.

முறுக்கிய அடுக்குகள்மேல், அதாவது ஒன்றை மற்றதன்மேல் சற்றே திருப்பி வைத்தவைமேல், எல்லோருக்கும் ஆசை வரும். 2018-இல் ஏறத்தாழ 1.1 டிகிரியில் மீகடத்துத்திறன் (மின்தடையே இல்லாத நிலை) கண்டதிலிருந்து அப்படித்தான். எனக்கும் வந்தது. ஆனால் அணுக்களை எண்ணிப் பாருங்கள்: 21.8 டிகிரிக்கு 28 அணுக்கள், 1.08 டிகிரிக்கு 11,164. புராஜெக்ட் அளவில் இரண்டாவதை டிஎஃப்டியில் தொட வேண்டாம். அதற்கு டைட் பைண்டிங் இருக்கிறது, இயற்பியலாளர்கள் பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011-இல் தந்த கன்டினியூவம் மாடல் (தனித்தனி அணுக்களை எண்ணாமல் தொடர்ச்சியான தாளாக எடுப்பது) இருக்கிறது. பின்னதைப் பைத்தானில் நீங்களே எழுதிவிடலாம், லேப்டாப்பிலேயே ஓடும். டிஎஃப்டிதான் வேண்டும் என்றால் 28 அணுவோடு தொடங்குங்கள். அதற்கும் முன்னால், முதல் வாரத்தில், வெறும் கிராஃபைட்டை ஓட்டி அந்த 3.35-ஐ எடுத்துக் காட்டுங்கள்.