கார்டு பாஸ், மத்ததெல்லாம் பெயில்

2022 செப்டம்பர்ல எத்தேரியம்ங்கிற கிரிப்டோ காயினோட மைனிங் (கார்ட கணக்கு போட விட்டு காயின் சம்பாதிக்கிறது) நின்னுபோனதுல இருந்து மொட்டைமாடி ரூம்ல நாலு 3090 கிராபிக்ஸ் கார்டு தூசி புடிச்சு கிடந்துச்சு. விக்கலாம்னு பாத்தா மைனிங்ல ஓடுனதுன்னு சொன்ன உடனே அடிமாட்டு விலைக்கு கேக்குறாங்க. சரி, ஏஐ ஆளுங்களுக்கு 24 ஜிபி மெமரி உள்ள கார்டுன்னா இன்னமும் கிராக்கிதானே, வாடகைக்கு விடுவோம்னு கார்ட நெட் வழியா வாடகைக்கு எடுத்து கொடுக்குற ஒரு ஜிபியு தளத்துல ஹோஸ்ட்டா (மெஷின் கொடுக்குறவனா) சேந்தேன். உபுண்டு ஓஎஸ், என்விடியா டிரைவர், டாக்கர்னு தேவையான சாஃப்ட்வேர் எல்லாம் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிருச்சு. ஆனா தளம் டெஸ்ட் பண்ணி வெரிஃபைட்னு போடாத வரைக்கும் தேடுறவங்க கண்ணுலயே மெஷின் படாது. அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்றரை மாசம் ஆச்சு.

முதல் டெஸ்ட்லயே பெயில். மைனிங் ரிக்ல (பல கார்டு மாட்டுன மெஷின்) கார்டெல்லாம் யுஎஸ்பி கேபிள் ரைசர்லதான் தொங்கும், அதாவது போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பிசிஐஇ பாதை ஒரே ஒரு லேன். மைனிங்குக்கு அது போதும், தேவையானதெல்லாம் கார்டு மெமரிக்குள்ளயே உக்காந்திருக்கும். வாடகைக்கு வர்றவன் பெரிய மாடல கார்டுக்குள்ள ஏத்தணும்ல, நொடிக்கு 1 ஜிபி கூட தேறாத பாதைல அவன் எப்ப ஏத்தி எப்ப வேலை பாக்குறது? ரேம் கதை இன்னும் கேவலம். மொத்த கார்டு மெமரி அளவுக்காவது ரேம் வேணும்னு தளத்துல கேட்டாங்க, நாலு கார்டுக்கு 96 ஜிபி, என் ரிக்ல இருந்தது 8. கணக்கு போட்டு பாத்துட்டு ரெண்டு கார்ட மட்டும் எடுத்து ரெண்டு ஸ்லாட்டும் எட்டு லேன்ல ஓடுற செகண்ட் ஹேண்ட் போர்டுல 64 ஜிபி ரேமோட மாட்டுனேன்.

அடுத்தது போர்ட், அதாவது வாடகைக்கு எடுக்குறவன் வெளிய இருந்து நம்ம மெஷினுக்குள்ள வர்ற நெட் கதவு. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை தடவ போட்டும் வெளிய இருந்து திறக்கல. ரெண்டு நாள் ரவுட்டர திட்டுன பிறகுதான் அதோட வேன் ஐபி (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கிற நெட் முகவரி) 100.70ன்னு ஆரம்பிக்கிறத கவனிச்சேன். சிஜிநாட். ஒரு பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு கொடுக்குறாங்க, அப்புறம் நம்ம போர்ட் எப்படி திறக்கும். கஸ்டமர் கேர்ல வழக்கம்போல ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னாங்க. கடைசில காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி (நமக்கு மட்டுமேயான மாறாத முகவரி) வாங்குனேன், அப்பவும் திறக்கலியேன்னு பதறுனா, வீட்டு வைஃபைலயே உக்காந்து டெஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்கேன். சில ரவுட்டர் உள்ள இருந்து தன் பப்ளிக் ஐபிக்கு போக விடாது. மொபைல் டேட்டால பாத்தா எல்லா போர்ட்டும் ஓபன். இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன்.

அப்புறம் நம்பகத்தன்மை ஸ்கோர், மெஷின் எவ்வளவு விடாம ஓடுதுன்னு தளம் போடுற மார்க்கு. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9ல இருந்து மதியம் 2 வரை கரண்ட் போனதும் ஸ்கோர் சரிஞ்சிருச்சு. அது கூட பரவால்ல, முன்னாடியே தெரியுற விஷயம், அடுத்த மாசத்துல இருந்து தளத்துலயே மெயின்டெனன்ஸ்னு போட்டு வச்சுட்டேன். கடுப்பேத்துனது உபுண்டுதான். ராத்திரி தானாவே அப்டேட் ஆகி டிரைவர் ஃபைல் புதுசு, கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஓடுறது பழசுன்னு ஆயிருச்சு, கார்டு நிலைய காட்டுற என்விடியா எஸ்எம்ஐ கமாண்ட் அடிச்சா வெர்ஷன் மிஸ்மேட்ச்னு நிக்குது. ரீபூட் பண்ணா சரியாயிரும், ஆனா விடியுற வரைக்கும் நான் பாக்கலியே. தானியங்கி அப்டேட்ட மொதல்ல நிறுத்துங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.

சப்போர்ட்ல எப்ப வெரிஃபை பண்ணுவீங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவயும் அதே வெட்டி ஒட்டுன பதில். கேக்குறத விட்டுட்டு கார்ட 350 வாட்ல இருந்து 250க்கு இறக்கிட்டு (மொட்டைமாடி வெயில்ல வேற வழி இல்ல, 3090க்கு பின்பக்கமும் மெமரி சிப் இருக்கு, அது கொதிக்கும்) சும்மா ஓட விட்டேன். ஒரு செவ்வாக்கிழமை காலைல பாத்தா வெரிஃபைட். அன்னிக்கு ராத்திரியே ஃபேன் சத்தம் கேட்டு அம்மா மேல வந்து "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா"ன்னாங்க.

ரெண்டு கார்டும் முழுசா ஓடுனா எப்படியும் ஒரு நாளைக்கு 14 யூனிட் சொச்சம் வரும். ரெண்டு மாச ஈபி பில் இன்னும் வரல, அம்மாகிட்ட அத பத்தி பேச்சே எடுக்கல.