செவ்வந்திக்கு இருட்டுப் போட்டேன், மொட்டு வந்தது

மாதக்கணக்கில் இலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த ஐந்தாவது தொட்டியில் இன்று காலை மொட்டு! நுனியில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை உருண்டை, அதற்குக் கீழே கணுக்களில் கடுகு போல இன்னும் மூன்று. பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து செடிகளும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகள். ஒரே மண்கலவை, ஒரே உரம், நுனி கிள்ளியதும் ஒரே நாளில்தான், இரண்டு முறை. நான்கு செடிகள் பூத்துக் குலுங்கி வாடவும் தொடங்கிவிட்டன. இது மட்டும் கருகருவென்று தழைத்து நின்றது. தழைச்சத்து கூடிப்போயிற்று என்று நினைத்து உரத்தை நிறுத்தினேன், சாம்பல்சத்து கொடுத்தேன். எதற்கும் அசையவில்லை.

ஒருநாள் இரவு மழை வருகிறதா என்று பார்க்க வெளியே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. இந்தச் செடியின் இலைநிழல் சுவரில் அச்சுப் போல விழுந்திருந்தது. தெருவிளக்கு! மற்ற நான்கும் தூணின் மறைவில் இருந்ததால் தப்பித்திருக்கின்றன.

செவ்வந்தி குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும் செடி என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் செடி கணக்குப் பார்ப்பது இடைவிடாத இரவை. நள்ளிரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் நீள இரவு இரண்டு குட்டி இரவாக உடைந்துவிடும். பூவைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் பண்ணைகளில் இரவில் விளக்குப் போடுவதும் இதற்காகத்தான். நாள் நீளம் பூப்பதை ஆள்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கார்னரும் அல்லார்டும் 1920-லேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்திருந்தும் என் சுவரில் விழுந்த நிழலை இத்தனை நாள் கவனிக்கவில்லை.

தொட்டியை நகர்த்தலாம் என்றால் அது சிமென்ட் தொட்டி. சரி, மூடிவிடுவோம் என்று கறுப்புத் துணியை எடுத்தேன். இந்த மூடும் வேலைதான் என்னைப் படுத்தி எடுத்தது. ஒற்றைத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் நெசவு வழியே ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். இரண்டு மடிப்பாக்கினேன், காற்றில் விலகியது. போதாததற்கு, இருட்டு எவ்வளவு கிடைத்தாலும் நல்லது என்று மாலை 4 மணிக்கே மூடினேன். வெயில் இறங்காத நேரம், உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. சூடு ஏறினாலும் செவ்வந்தியில் மொட்டு தாமதமாகும். போதாக்குறைக்கு நடுவில் சில நாள் மூடாமலும் விட்டுவிட்டேன்.

அந்த அரைகுறை இருட்டுக்கு ஒரு போலிமொட்டு வந்தது. அதன் கீழே இருந்த இலைகள் வெட்டே இல்லாமல் நாடா போல ஒல்லியாக இருந்தன. மொட்டு வளராமல் அப்படியே நின்றதால் பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே வெறும் பச்சைச் செதில்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு பூ என்பது குறும்பூக்களின் கூட்டம் அல்லவா, அதில் ஒரு குறும்பூகூட உருவாகவில்லை. இப்படி நாடா இலையோடு மொட்டு வந்தால் காத்திருக்க வேண்டாம், இருட்டு போதவில்லை என்று அர்த்தம். கிள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மூலைகளில் நாடா ஒட்டி, மேலே அதே துணியை இரண்டு மடிப்பாகப் போட்டேன். பொழுது சாய்ந்த பிறகு மாலை 6.30 முதல் காலை 8 வரை. ஒரு நாளும் தவறவிடவில்லை. 24-ஆம் நாள் இந்த மொட்டு.

இடையில் நுனியில் அசுவினிப் பூச்சி ஏறியது, தண்ணீர் பீய்ச்சியதில் போய்விட்டது. கடையில் பூத்த செடியாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்து போலக் குட்டையாக இருப்பதை நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் வளர்ச்சியைக் குறுக்கும் மருந்து கொடுத்திருப்பார்கள், அடுத்த பருவத்தில் நெடுநெடுவென்று போகும். வேர்விட்ட துண்டாக வாங்குவதே எனக்குப் பிடிக்கும்.

பூத்து முடிந்த நான்கையும் தரையோடு வெட்டி, தூரில் கிளம்பும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடப்போகிறேன். அவற்றில் ஒன்றில் பக்கமொட்டுகளையெல்லாம் கிள்ளிவிட்டு ஒற்றைப் பெரும்பூவாக விட்டுப் பார்க்க ஆசை. இந்த ஐந்தாவதுக்கு மொட்டில் நிறம் தெரியும்வரை இருட்டு தொடர வேண்டும். இன்றும் 6.30-க்குப் பெட்டி கவிழ்த்தாயிற்று.